வேலையை விட்டு விலகுவது குற்றமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கும் தெரிந்த மொழி அது. ஒரு வேளை சோறு போட்டவரையே மறக்கக் கூடாது என்றால், வேலை கொடுத்தவரைச் சில நாட்களிலேயே விட்டு வருவது எவ்வளவு பெரிய பிழை! இப்படித்தான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வேலையில் சேர்ந்து இருபத்து மூன்றே நாட்களில் விலகியவன் நான். அந்த விலகல் ஓராண்டுக்கு மேல் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்த உறுத்தல் நியாயமானதுதானா, நியாயமானது என்றால் எந்த அளவுக்கு நியாயமானது என்பதைச் சிந்தித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 2023-இல் பிளஸ் டூ முடித்தேன். அந்த ஆண்டு அப்பாவுக்கு உடல்நலம் குன்றியது. விசைத்தறிக் கூடத்தில் அவர் நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். தார் போட்டேன், பாவு பிணைப்பவருக்கு எடுபிடி வேலை செய்தேன். கல்லூரி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. மறு ஆண்டு அப்பா தேறி மீண்டும் தறிக்குப் போனார். பெரிய பள்ளியில் எனக்கு இயற்பியல் கற்பித்த ஆசிரியர் விடாமல் வற்புறுத்தியதால், 2024 மே மாதம் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. வீட்டில் எவருக்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லையாதலால், அது நமக்கு நடக்கக்கூடிய காரியம் என்றே தோன்றவில்லை.

ஆகவே, ஜூன் முதல் வாரத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த என் தாய்மாமனின் சிபாரிசில் கிடைத்த வேலை அது. காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டரைக்கு வெளியே வரலாம். அதற்கு ஒன்றரை ஷிப்டு என்று பெயர். ஒரு ஷிப்டுக்கு எனக்கு 350 ரூபாய். சனிக்கிழமைதோறும் சம்பளம்.

கைமடி என்றால் என்னவென்று அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் டெய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெட்டிய துணிகளை வரிசை மாறாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். தைத்து விழுவதை நூல் வெட்டி, மடித்து, எண்ணிக் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் டெய்லருக்குப் பீஸ் ரேட்டு. எத்தனை உருப்படி தைக்கிறாரோ அத்தனைக்குத்தான் காசு. கைமடியின் கை வேகமாக ஓடினால்தான் டெய்லரின் கூலி ஓடும். கைமடி இல்லாத நாளில் டெய்லரே எழுந்து துணி எடுத்து, அவரே நூல் வெட்டி, அவரே கட்ட வேண்டும்.

நான் ஒரு அக்காவிடம் கைமடியாக இருந்தேன். முதல் மூன்று நாட்கள் நான் துணியைத் தலைகீழாகவே எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு முறைகூடக் கடிந்துகொள்ளவில்லை. “தையல் பக்கம் உன்ற பக்கம் பாக்கோணும் கண்ணு, அவ்வளவுதான் சூட்சுமம்” என்று சொல்லிக் கொடுத்தார். நான்காம் நாள் முதல் என் கை பழகியது.

ஜூன் கடைசி வாரத்தில் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இடம் கிடைத்துவிட்டது! அடுத்த நாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தேன். எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டேன். அக்கா, “திங்கக்கெழம புது ஆர்டர் ஏறுது, நேரமே வந்துரு கண்ணு” என்றார். “சரிங்கக்கா” என்றேன்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு மாமா கைப்பேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். அணைத்து வைத்துவிட்டேன். அந்த வாரமே கல்லூரியில் வகுப்புகள் தொடங்கின. புதுச் சட்டையுடன் வகுப்பில் அமர்ந்திருந்த என் மனம் அந்த ஓவர்லாக் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றது.

இருபத்து மூன்று நாட்களுக்கு முப்பத்து நாலரை ஷிப்டு. 12,075 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த செலவும் பஸ் செலவும் அந்தப் பணத்தில்தான் நடந்தன. அவர்கள் உப்பைத் தின்றுவிட்டு அவர்களுக்கே துரோகம் செய்துவிட்டேன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். நான் செய்தது குற்றமா?

ஒரு சாரார், “குற்றமே” என்பர். வேலை கொடுப்பவர் புதியவனை நம்பி நேரத்தையும் பொருளையும் செலவிடுகிறார். அவன் வேலை பழகியதும் ஓடிவிட்டால் அது நன்றி கொன்ற செயல் என்பது அவர்கள் கட்சி. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், உப்பிட்டவர் யார் என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா? விருந்தினனுக்கு இட்ட சோறு வேறு; பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவன் வாங்கிய கூலி வேறு. கூலி என்பது கொடை அன்று. நான் மடித்துக் கட்டிய துணிகளுக்கும் கம்பெனி எனக்குத் தந்த பணத்துக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு நேராகிவிட்டது. அந்தக் கணக்கில் நான் கடன்காரன் அல்லன்; கம்பெனியும் கடன்பட்டதன்று.

‘வேலையை விடுவது பாவம்’ என்ற எண்ணம் ஏழைகளின் காலில் கட்டிய கல்லாகவும் ஆகியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் உழைத்துக் கிடந்த குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனை! கட்டாய உழைப்பை நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்து, அத்தகைய கடன்களையே செல்லாதவை ஆக்கியது. அதற்குப் பின்னரும், நம் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஒரு முறை இருந்தது. மூன்றாண்டு வேலை செய்து முடித்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி ஏழைப் பெண்களைச் சேர்த்தார்கள். உடல் நலிந்து இடையில் விலகிய பெண்கள் பலர் அந்தத் தொகையை இழந்து வீடு திரும்பினார்கள். விலகும் உரிமை இல்லாத வேலைக்கு வேலை என்று பெயர் சொல்வது பொருந்துமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். நம் மாணவர் பலர் மாலை வேளைகளில் ஜவுளிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இன்றியும் நீக்கக் கூடாது. அப்படியானால், சேர்ந்து ஒரு மாதமே ஆனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றுதானே பொருள்? புதியவனைப் பிடிக்கவில்லை என்றால் முதலாளி அனுப்பிவிடலாம். அனுப்பிய முதலாளி அன்றிரவு தூக்கம் கெட்டுப் புரளுவதில்லை. ஒத்து வருமா என்று இரு தரப்பும் பார்த்துக்கொள்ளும் காலமே தொடக்க காலம். பார்த்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கும், உறுத்தல் மற்றவருக்கும் என்பது எந்த ஊர் நியாயம்?

மற்றொன்றும் உண்டு. 2019-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமன்றித் தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தானாக விலகுவதும் இயல்பான ஒரு முடிவே என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே, சேர்ந்து சில நாளிலேயே வேலையை விட்டேன் என்பதற்காக எவரும் குன்றிப் போக வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு என் உறுத்தல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை! ஏன்?

2024 தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குத் துணி எடுக்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அந்த அக்கா தம் மகளுடன் எதிரே வந்தார். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், இடமில்லை. அவரே அருகில் வந்து, “காலேஜுல சேந்துட்டியாமா, மாஸ்டர் சொன்னாரு. நல்லாப் படி” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நீ போனது தப்பில்ல கண்ணு. படிக்கத்தானே போனே. சொல்லாமப் போனே பாரு, அதுதான் மனசுக்குச் சங்கட்டமாப் போச்சு. இப்ப வந்துருவான், இப்ப வந்துருவான்னு பத்து மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன். சனிக்கெழமையே சொல்லியிருந்தா வேற ஆளாவது கேட்டிருப்பேன். அந்த வாரம் எனக்கு எழுநூறு ரூவா கொறஞ்சு போச்சு.”

எழுநூறு ரூபாய்! நான் அதுவரை கம்பெனிக்கு நட்டம் செய்தேன் என்று எண்ணி வருந்திக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு என்னால் என்ன நட்டம்? ஒரு கைமடி போனால் இன்னொரு கைமடி. நட்டம் நேர்ந்தது, என்னைப் போலவே வாரக் கூலியை நம்பி வாழும் ஒரு தாய்க்கு. பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். “தங்கச்சிக்குத் துணி எடு போ” என்று என் கையைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடன் இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டாவது கடன் என் மாமாவினுடையது. அன்று காலை சூப்பர்வைசரின் முன் தலை குனிந்து நின்றவர் அவர். 2025 ஜூன் மாதத்தில், எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் வேலை கேட்டு அவரிடம் வந்தான். மாமா தயங்கினார். “போன வருசம் எங்க மாப்பிள்ளையைச் சேத்து உட்டுப் பட்டது போதும்” என்றார். நான் திண்ணையில்தான் அமர்ந்திருந்தேன். என் பிழைக்குத் தண்டனை அந்தப் பையனுக்கா?

இங்கே ஒன்றை என் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் பெற்றவருக்குப் பட்டச் சான்றிதழ் இருக்கிறது. எங்களைப் போன்ற குடும்பங்களில் சான்றிதழ் என்பது தெரிந்தவர் சொல்லும் ஒரு சொல்தான். ‘இவன் நம்ம பையன், நம்பி எடுத்துக்குங்க’ என்று ஒருவர் சொல்லும் சொல்லுக்குள் அவர் இருபதாண்டு உழைத்துச் சேர்த்த நன்மதிப்பு இருக்கிறது. அதை நான் கேட்டு வாங்கினேன், கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது பிழையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேர்க்கும்போது சூப்பர்வைசர், “நிரந்தரமா இருப்பயா?” என்று கேட்டார். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்த நான், “இருப்பேனுங்க” என்றேன். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். முதலாவதில் தவறிவிட்டேன் என்று நான் ஓராண்டாக அழுதுகொண்டிருந்தேன். உண்மையில் நான் தவறியது இரண்டாவதில்!

ஆக, விலகியது குற்றமன்று; மறைத்ததும் சொல்லாமல் போனதுமே குற்றம். இதுவே என் துணிபு.

இதற்கு நேர்மாறான ஒரு விலகலையும் நான் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு எங்களுக்கு வகுப்பெடுத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், வேறோர் ஊரில் நிலையான பணி கிடைத்துச் சென்றார். போவதற்குப் பத்து நாள் முன்பே வகுப்பில் சொன்னார். நடத்திக்கொண்டிருந்த பாடத்தைச் சனிக்கிழமையும் வந்து முடித்தார். கடைசி நாளில் அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை எங்கள் முன்னாலேயே துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் வருந்தினோம்; ஆனால் எவரும் அவரைக் குறை கூறவில்லை. இரண்டு மாதத்தில் போனவரை இரண்டாண்டு இருந்தவரைப் போல இன்றும் நினைவுகூர்கிறோம். எத்தனை நாள் இருந்தோம் என்பதைவிட எப்படிப் போனோம் என்பதே மனிதர் மனத்தில் நிற்கிறது.

அவரைப் பார்த்த பிறகே எனக்குத் துணிவு வந்தது. 2025 ஜூனில் மாமாவை அழைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இயற்பியலில் நிலை உராய்வு என்று படிக்கிறோம். கிடக்கும் பொருளை முதலில் அசைப்பதுதான் கடினம். அசைந்த பிறகு அவ்வளவு விசை வேண்டாம். உண்மையும் அப்படித்தான் போலும். முதற் சொல் வரும்வரைதான் நா எழவில்லை. பிறகு எங்கள் தெருப் பையனைப் பற்றியும் சொன்னேன்: இவனும் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்; இடம் கிடைத்தால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போவான். அவர் சிரித்தார். “சொல்லீட்டுப் போனா நாங்க என்ன கட்டியா வெக்கப் போறோம்? சீசன்ல நாலு வாரத்துக்கு ஆள் கெடச்சாலும் எங்களுக்கு லாபந்தான்” என்றார்.

நான் அஞ்சியதெல்லாம் வீண் என்று அப்போது தெரிந்தது. அந்தப் பையன் சேர்ந்தான். இடம் கிடைத்ததும் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னான். தன் இடத்துக்கு வந்தவனுக்குத் துணி எடுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். இன்று அவன் நம் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் கூறவில்லை. உண்மையைச் சொன்னால் வேலையே தராத இடங்களும் உண்டு. சொன்ன அன்றே கூலியைப் பிடித்துக்கொண்டு விரட்டும் இடங்களும் உண்டு. அத்தகைய இடங்களில் மேற்சொன்ன சட்டமே நமக்குத் துணை. ஆனால், கேட்டுப் பார்க்காமலே எல்லாரும் கெட்டவர் என்று முடிவு கட்டிப் பொய் சொல்லும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

அந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஆறாம் வகுப்பில் விடுமுறை விண்ணப்பம் எழுதக் கற்றோம். ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’ என்று தொடங்கும் அந்தக் கடிதம் நம் அனைவருக்கும் மனப்பாடம். அக்காள் திருமணம் என்றாலும் காய்ச்சல். ஆடு மேய்க்கப் போனாலும் காய்ச்சல். கலந்தாய்வுக்குப் போன நானும் காய்ச்சல் என்றே சொன்னேன்! ‘எனக்கு வேறு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, இன்ன நாளில் விலகுகிறேன், இதுவரை கற்பித்ததற்கு நன்றி’ என்று எழுத எவரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. எங்கள் வீடுகளில் அப்படி ஒரு கடிதத்தைக் கண்டவர் எவரும் இல்லை. என் அப்பா மூன்று தறிக் கூடங்களை விட்டிருக்கிறார். மூன்று முறையும் சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார். சண்டை இல்லாமலும் விலகலாம் என்பது அவருக்குத் தெரியாது.

ஆதலால், நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுத்தமிழ் வகுப்பில் கடிதம் எழுதப் பயிற்சி தரும்போது, வேலை கேட்டு விண்ணப்பம் எழுதுவதோடு நிறுத்தாமல், பணி விலகல் கடிதம் ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரப் பாடம்தான். முதல் தலைமுறையாகப் பட்டம் பெறப் போகும் எங்களுக்கு அது பெரிய கருவி.

என் தோழர்களுக்கும் ஒரு சொல். அடுத்த ஆண்டு நம்மில் பலர் வளாகத் தேர்வில் வேலை பெறுவோம். சிலருக்கு அந்த வேலை பிடிக்காது. சிலர் மேற்படிப்புக்குப் போவோம். சிலருக்கு அரசுத் தேர்வில் வெற்றி கிட்டும். அப்போது தயங்காமல் விலகுங்கள். ஆனால் சேரும்போதே அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். படித்துப் பார்க்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து இடாதீர்கள். போவது உறுதியானதும் சிபாரிசு செய்தவரிடம் முதலில் சொல்லுங்கள். பக்கத்தில் வேலை செய்பவருக்கு உங்களால் கூலி குறையுமா என்று பாருங்கள். குறையும் என்றால் மாற்று ஆள் வரும்வரை இரண்டு நாள் கூடுதலாக நில்லுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டீர்களானால், அதற்குமேல் உறுத்தினால் அந்த உறுத்தலைப் பொருட்படுத்த வேண்டாம்.

அரசின் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் எனக்கும் வருகிறது. அதில் மிச்சம் பிடித்து எழுநூறு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா பணமாக வாங்க மாட்டார் என்று தெரியும். அவர் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். தேர்வு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புக்கான புத்தகமும் நோட்டும் வாங்கிக்கொண்டு போய், கணக்கும் இயற்பியலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தரட்டுமா என்று கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றாலும் சரி. இந்த முறை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.